மறு: பூங்கா சீரமைப்பு நிதி – தலைக்கு 15,000

எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஊர்ப் பூங்காவைச் சீரமைக்க, வெளியூர்ல இருக்கிற நாம தலைக்கு 15,000 போடணும்னு சங்கச் செயலாளர் அண்ணாச்சி மடல் போட்டதிலிருந்து "அனுப்பியாச்சு", "நானும் அனுப்பிட்டேன்"னு வரிசையா வந்துக்கிட்டே இருக்கு. நான் இன்னும் அனுப்பல. காரணத்த எல்லாருக்கும் பொதுவாவே சொல்லிடறேன், பிறகு தனித்தனியா போன் போட்டுக் கேக்க வேண்டாம்.

கோயில் கொடைக்கு ஊருக்குப் போன எங்க அக்கா பூங்காவைப் படம் பிடிச்சு அனுப்பியிருக்கா. சீசாவுல ஒரு பக்கத்து பலகையே இல்ல. ஊஞ்சல் சங்கிலியில யாரோ ஆட்டைக் கட்டிப் போட்டிருக்காங்க. நடைபாதைக் கல்லுக்கு நடுவுல உடைமுள் செடி இடுப்பளவு வளந்து நிக்குது. ஜிம் ரூம் பூட்டிக் கிடக்கு. ஜன்னல் வழியா பாத்தா உள்ள இருக்கிற மிஷின்ல பாலித்தீன் கவரைக்கூட பிரிக்கல. "அம்மா பூங்கா"ன்னு தோரணம் கட்டித் திறந்தப்போ பாயசம் குடுத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

இப்போ அதுக்கு பெயிண்ட் அடிச்சு, புது ஊஞ்சல் போட்டு, வாசல்ல வளைவு கட்டி நம்ம பேரெல்லாம் கல்லுல வெட்டணும்கிறீங்க. சரி, செய்யலாம். அடுத்த வருஷம் அந்த உடைமுள்ளை வெட்டப் போறது யாரு? மத்திய அரசு ஊராட்சிக்குக் குடுக்கிற நிதிக்குழு மானியத்துல, 2021-26க்கான 15வது குழுவோட கணக்குப்படி, 60 சதவீதம் குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப் போட்ட காசு. மீதி 40 சதவீதத்துல இருந்து யாருக்கும் சம்பளம் குடுக்கக் கூடாதுன்னு அதுலயே விதி. ஊராட்சிக்குச் சொந்த வருமானம்னா வீட்டு வரி. அதை நம்மளே எத்தனை பேரு ஒழுங்கா கட்டுறோம்னு கேட்டா மடல் நின்னுரும். கட்டுறதுக்குத் திட்டம் வரும், காண்ட்ராக்டர் வருவார். காவலுக்கும் தண்ணி ஊத்துறதுக்கும் செலவுத் தலைப்பே கிடையாது. இந்தப் பூங்கா வீணானது பெயிண்ட் இல்லாம இல்ல.

அக்கா அனுப்பின இன்னொரு படம் நம்ம பஞ்சாயத்து யூனியன் ஸ்கூல். மூணாம் வகுப்பு மேல்தளத்துல சிமெண்ட் பேந்து கம்பி தெரியுது. அதுக்கு நேர் கீழ இருந்த பெஞ்சுகளை டீச்சரே சுவரோரமா இழுத்துப் போட்டு, நடுவுல ஒரு மேசையைக் குறுக்க வச்சிருக்காங்க, பிள்ளைங்க அந்தப் பக்கம் போகாம இருக்க. 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவர் இடிஞ்சு மூணு பையங்க செத்தாங்களே, அதுக்கப்புறமும் நம்ம ஊர்ல ஒரு மேசைதான் காவல்.

அதுக்காக பூங்காவே வேண்டாம்னு சொல்ல வரல. ஸ்கூலுக்குப் பின்னாடி அவ்வளவு இடம் சும்மா கிடக்கு. பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் பேத்துக் கொண்டு போய் அங்க நட்டா போதும். பகல்ல பிள்ளைங்க, சாயங்காலம் ஊர். அங்க கேட் இருக்கு, தண்ணி இருக்கு, பாத்துக்க ஆளும் இருக்கு.

மேல்தளத்தை நாம கைக்காசு போட்டு முழுசா கட்ட வேண்டாம். நமக்கு நாமே திட்டத்துல மூணுல ஒரு பங்கு மக்கள் போட்டா மீதியை அரசாங்கம் போடும். நீங்க திரட்டச் சொன்ன 6 லட்சத்தை அங்க வச்சா 18 லட்சத்துக்கு வேலை. வளைவுல வச்சா வளைவுதான்.

இன்னொரு விஷயம். அமெரிக்க, ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் வாங்கினவங்க சங்கக் கணக்குக்கு நேரா பணம் போடாதீங்க. இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கிற ஓசிஐ அட்டை இருந்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டு நிதி. வெளிநாட்டு நிதி வாங்குறதுக்கான எஃப்சிஆர்ஏ பதிவு சங்கத்துக்குக் கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க தங்கள் சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்பினா அதுல சிக்கல் இல்ல. ஏற்கெனவே வந்த பணத்துல எது எந்த வகைன்னு பொருளாளர் எழுதட்டும். அப்படியே தண்ணித்தொட்டி மோட்டார் வாங்கின கணக்கையும் எழுதட்டும். அது எத்தனை கொடை தாண்டிருச்சு!

– கணக்கப்பிள்ளை வீடு, தம்மாம்

---

மருமகனுக்கு,

மடல் படிச்சேன். நல்லா எழுதுறீங்க, உங்க அப்பாவும் நல்லாத்தான் எழுதுவார். ஊர் வரியில பாக்கி வச்சவங்க பேரைக் கோயில் வாசல்ல ஒட்டின ஆளாச்சே. எங்க ஐயா பேரும் அதுல இருந்துச்சு. நாங்க மறக்கல.

வளைவுன்னா உங்களுக்கு இளக்காரம். பஸ்ல வர்றவன் ஜன்னல் வழியா பாக்குறது வளைவைத்தான். பக்கத்து ஊர்க்காரன் ரெண்டு யானை வச்சுக் கட்டியிருக்கான். நம்ம ஊருக்குப் பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு வழி சொல்லும்போது "யானை வளைவு தாண்டி இறங்குங்க"ன்னு சொல்றோம். இது உங்களுக்கு உறைக்கலையா?

ஸ்கூல் கட்டுறது சர்க்கார் வேலை. பேராசிரியர் அன்பழகன் பேர்ல பள்ளி மேம்பாட்டுத் திட்டம்னு ஆயிரக்கணக்கான கோடி ஒதுக்கியிருக்காங்க. நாம முந்திக்கிட்டு காசைக் காட்டினா, பணக்கார ஊருன்னு நம்மளைக் கடைசியில தள்ளுவாங்க. இதையும் யோசிங்க.

பாஸ்போர்ட் சமாச்சாரம் யாரைக் குத்தி எழுதினதுன்னு தெரியுது. மாத்துனது பாஸ்போர்ட்ட. ஊரை இல்ல.

– மேலத்தெரு மாமா, சிட்னி

---

மாமாவுக்கும் தம்பிக்கும்,

ரெண்டு பேரும் பழைய வரிப் பாக்கியை விடுங்க. அந்த மூணாம் வகுப்பு ரூம் எங்க தாத்தா காலத்துல ஊர்க்காரங்க போட்டது. காமராஜர் ஆட்சியில நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநரா இருந்தப்போ பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஊர் ஊரா நடத்துனாங்க. ஒருத்தர் பெஞ்சு, ஒருத்தர் மணி, ஒருத்தர் கூரைக்கு ஓடுன்னு குடுத்தாங்க. எங்க தாத்தா நாலு பனந்தடி குடுத்தார். பிற்பாடுதான் ஓட்டைப் பிரிச்சுத் தளம் போட்டது. தாத்தா பேர் ஜன்னல் மேல நீல பெயிண்ட்ல இருந்துச்சு. எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் கேஸ் நடந்த வருஷம் வெள்ளை அடிச்சப்போ அந்த ஒரு வரி மட்டும் காணாமப் போச்சு. யார் அடிச்சதுன்னு இந்தக் குழுவுலயே ரெண்டு பேருக்குத் தெரியும்.

மாமா சொல்ற அரசுத் திட்டம் வர்றப்போ வரட்டும். அதுக்கும் கட்டடம் பழுதுன்னு யாராவது எழுதிக் குடுக்கணும்ல? 2025 ஜனவரி 5ஓட பதவிக்காலம் முடிஞ்சதிலிருந்து நம்ம பஞ்சாயத்துக்குத் தலைவர் கிடையாது, அரசாங்கம் போட்ட தனி அலுவலர்தான். அவருக்கு நம்ம வளைவும் தெரியாது, ஸ்கூலும் தெரியாது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என் சித்தி மக. நேத்து பேசினேன். குழுவுல தீர்மானம் போட்டு, யூனியன் இன்ஜினியர் வந்து பாக்கணும்னு மனு குடுக்கச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் மூணாம் வகுப்பை சத்துணவுக் கூடத்துத் திண்ணைக்கு மாத்தச் சொன்னேன். வெயில் அடிக்கும்னு டீச்சர் யோசிக்கிறாங்களாம். ஒரு தகரப் பந்தல் போட்டா முடிஞ்சுது, அதுக்கு நான் தர்றேன், கல்வெட்டு வேண்டாம்.

அதே தீர்மானம் அக்டோபர் 2 கிராம சபையிலும் பதிவாகணும். தனியா ஒரு பொம்பளை எழுந்து பேசினா உக்கார வச்சிருவாங்க. அன்னைக்கு ஊர்ல இருக்கப் போறவங்க பேரை எனக்கு அனுப்புங்க.

– வாத்தியார் வீடு, தோஹா