மறு: அமிக்கஸ் பிரீஃபுக்கு ஒரு சொல் (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

அன்புள்ள குழுமத்தாருக்கு,

‘அமிக்கஸ் பிரீஃப்’ என்பதற்கு, அதாவது வழக்கில் தரப்பாக இல்லாத ஒருவர் நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்கும் வாதுரைக்கு, ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். அமெரிக்க உள்ளாட்சிச் சட்டம் பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமை மாணவர்களிடம் கொடுத்தாக வேண்டும். ‘நீதிமன்ற நண்பர்’ என்றே எழுதிவிடுங்கள் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

நம் செய்தித்தாள்களில் அமிக்கஸ் கியூரி (இலத்தீனில் ‘நீதிமன்ற நண்பர்’) என்றால் பெரும்பாலும் நீதிமன்றமே அமர்த்திய, எந்தத் தரப்பையும் சாராத வழக்கறிஞர். அமெரிக்காவில் வழக்கில் இல்லாத ஒருவர் தாமாகவே வந்து, பெரும்பாலும் ஒரு பக்கம் சேர்ந்தே எழுதுகிறார். அங்கே உச்ச நீதிமன்றத்தில் அட்டையின் நிறமே அதைக் காட்டிக்கொடுக்கும்: மேல்முறையீட்டாளர் பக்கம் என்றால் வெளிர்பச்சை, எதிர்த்தரப்புக்கு என்றால் கரும்பச்சை. தரப்பின் வழக்கறிஞர் இதை எழுதிக் கொடுத்தாரா, யாராவது பணம் கொடுத்தார்களா என்றும் அடிக்குறிப்பில் சொல்லியாக வேண்டும். நடுநிலையானவரிடம் இதையெல்லாம் கேட்பார்களா?

பாடத்தில் வருவது நகராட்சி வழக்கறிஞர் சங்கம். அமெரிக்காவில் 1935 முதல் அப்படி ஒன்று இயங்குகிறது. ஓர் ஊரின் வழக்கறிஞர் உதவி கேட்டு எழுதுவார். சங்கத்தின் குழு கூடிப் பேசும். இந்தத் தீர்ப்பு மற்ற ஊர்களையும் தொடுமா? அந்த ஊர் சொல்லாத எதையாவது நாம் சொல்ல முடியுமா? அப்புறம், வழக்கின் சங்கதிகள் எப்படி? ஊர் மோசமாக நடந்துகொண்ட வழக்கில் போய் நின்று தோற்றால், அந்த முன்தீர்ப்பு எல்லா ஊர்களின் தலையிலும் விழும். பேசாமல் இருப்பதும் அங்கே ஒரு முடிவுதான். சரி என்று முடிவானாலும், ஆதரிக்கும் தரப்பு தன் வாதுரையைத் தாக்கல் செய்த 7 நாளுக்குள் இவர்களும் தாக்கல் செய்ய வேண்டும். 2024இல் ஒரேகான் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற ஊரின் வழக்கில், பொது இடத்தில் கூடாரமிட்டுத் தூங்குவதைத் தடுக்கும் ஊர்ச்சட்டத்துக்காகப் பல நகரங்கள் இப்படி வந்து நின்றன. நீதிபதிகள் 6-3 என்று பிரிய, ஊர் வென்றது.

இவர்களை ‘நண்பர்’ என்றால் மாணவர் கேட்பார்: யாருக்கு நண்பர்? நீதிபதிக்கா, ஊருக்கா?

> நட்பு என்பது இடித்துரைக்கத்தான். 784ஆம் குறளைப் பாருங்கள். நண்பர் நடுநிலையாளர் என்று யார் சொன்னது?

மதுரை ஐயா, குறள் சரிதான். ஆனால் அங்கே நண்பர் இடித்துரைப்பது தம் நண்பரை. இங்கே எழுதுவது நண்பரிடம், அடுத்தவர் வழக்கைப் பற்றி.

நீங்கள் முன்வைத்த ‘மன்றத்துணை’ எனக்கும் முதலில் பிடித்தது. மன்று + ஆடு = மன்றாடு, மன்றில் நின்று வழக்காடுதல் என்ற விளக்கமும் அழகு. (சோழர் கல்வெட்டுகளில் மன்றாடி என்றால் கோயில் விளக்குக்கு நெய் அளக்க ஆடு பெற்ற இடையர். அதைத் தனி இழையில் பேசலாம், எனக்கும் ஆசை உண்டு.) ஆனால் ‘துணை’ இன்று துணைவேந்தர், துணை ஆட்சியர் என்று அடுத்த படியைக் குறிக்கிறது. வாசிப்பவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

என் சொல் ‘வெளியார் வாதுரை’. வழக்குக்கு வெளியே இருப்பவர், ஆனாலும் வாதிடுகிறார். யாருக்கும் அகராதி தேவையில்லை.

யாழ்ப்பாண நண்பர் பிரீஃபுக்குத் தம் ஊர் வழக்கான ‘எழுத்துமூல சமர்ப்பணம்’ போதும் என்கிறார். நடப்பில் உள்ள சொல்தான். ஆனால் ‘நீதிமன்ற நண்பர்’ என்பதோடு அதுவும் சேர்ந்தால் ஒரு வரி முழுக்க அடைத்துக்கொள்ளும்.

இதுவரை ஏழு பேர் ‘நீதிமன்ற நண்பர்’ பக்கம், என் பக்கம் இருவர். வியாழன் இரவு வரை பார்க்கிறேன். அதற்குள் வேறு சொல் வராவிட்டால் பெரும்பான்மைச் சொல்லைத் தலைப்பில் இட்டு, உள்ளே ‘வெளியார் வாதுரை’ என்றே எழுதுவேன்.

அன்புடன்,
பாடத்தை மொழிபெயர்ப்பவன்

---

மறு: மறு: அமிக்கஸ் பிரீஃபுக்கு ஒரு சொல்

தம்பி, ‘வெளியார்’ என்றதும் அவையே, அதாவது நீதிமன்றமே, காணாமல் போய்விட்டது. மூலச் சொல்லில் பாதி அதுதானே? ‘துணை’ வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ‘அவைப்புறத்தார் உரை’ என்று வைத்துப் பாருங்கள். வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

— மதுரையிலிருந்து