‘க்வைட் நைஸ்’ என்றால் பாராட்டா, இல்லையா?

திருப்பூர்க்காரன்:
வணக்கம். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இங்கிலாந்து பையருக்கு போலோ டி-ஷர்ட் சாம்பிள் அனுப்பியிருந்தோம். ‘தி ஃபிட் இஸ் க்வைட் நைஸ்’ என்று மெயில் வந்தது. க்வைட் என்றால் ‘முற்றிலும்’ என்கிறது அகராதி. சரி, ஓகே ஆகிவிட்டது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இன்று காலை அடுத்த மெயில்: ‘தி காலர் இஸ் நாட் க்வைட் ரைட்.’ என்னதான் சொல்கிறார்? துணியைக் கட்டிங்குக்குக் கொடுக்கலாமா?

பழைய மெர்ச்சண்டைசர்:
முதலில் கட்டிங்கை நிறுத்துங்கள் தம்பி, இலக்கணம் அப்புறம்.

இங்கிலாந்துக்காரர் எழுதும் ‘க்வைட் நைஸ்’ பெரும்பாலும் நம் ‘பரவாயில்லை’தான். அமெரிக்கர் எழுதியிருந்தால் ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று எடுத்துக்கொள்ளலாம். அகராதி சொன்னதும் பொய்யில்லை. ‘க்வைட் இம்பாசிபிள்’ என்றால் அறவே முடியாது; முடியாததில் பாதி, முக்கால் கிடையாதே. நைஸ், குட் எல்லாம் கூடவும் குறையவும் செய்யும். அவற்றின் முன்னால் வந்தால் அங்கே ‘ஓரளவு’ என்றாகிவிடும். ‘நாட் க்வைட் ரைட்’ என்பது பணிவாகச் சொன்ன ‘காலரை மாற்று’.

‘அப்ரூவ்ட்’ என்ற சொல் வரும்வரை துணியில் கத்தரி வைக்காதீர்கள். நான் வைத்துப் பட்டிருக்கிறேன்.

டியூஷன் டீச்சர்:
பேசும்போது தொனி காட்டிக்கொடுத்துவிடும். ‘நைஸ்’ என்பதை அழுத்தினால் மெய்யாகவே பிடித்திருக்கிறது. ‘க்வைட்’டை இழுத்து அழுத்தினால் பின்னால் ஒரு ‘ஆனால்’ வருகிறது. மெயிலில் அந்த வசதி இல்லை. ‘க்வைட்’டும் (quite) ‘க்விட்’டும் (quit) ஒரே வேரில் வந்தவை; பாக்கியில்லாமல் தீர்ந்தது என்பதிலிருந்துதான் ‘முழுக்க’ என்ற பொருள் வந்தது. ‘ஓரளவு’ பிறகு ஒட்டிக்கொண்டது. அப்புறம், பதில் எழுதும்போது ஸ்பெல்லிங்கில் கடைசி இரண்டு எழுத்தை இடம் மாற்றி ‘க்வயட்’ (quiet) ஆக்கிவிடாதீர்கள், அது ‘அமைதி’.

திருப்பூர்க்காரன்:
நன்றி அண்ணா, நன்றி டீச்சர். கட்டிங் மாஸ்டருக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லிவிட்டேன். மெயிலின் அடியில் ‘க்வைட் எ ஃப்யூ சேஞ்சஸ்’ என்றும் இருக்கிறது. ஃப்யூ கொஞ்சம், க்வைட் ஓரளவு. இரண்டு மூன்று திருத்தம்தானே?

பழைய மெர்ச்சண்டைசர்:
ஐயோ, இல்லை! ‘க்வைட் எ ஃப்யூ’ என்றால் நிறைய. அதில் கூட்டல் கணக்கெல்லாம் ஓடாது. இணைப்பைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

திருப்பூர்க்காரன்:
எண்ணிவிட்டேன். 11. காலர் மட்டுமே 4. முதலாளி மதியம் வருகிறார்.