கடையும் வீடும் ஒரே கட்டடம்: 4,350 ரூபாய் சொத்து வரி 14,575 ஆகிவிட்டது, எப்படி முறையிடுவது?

உரக்கடை (14 அக்டோபர் 2024)

எல்லோருக்கும் வணக்கம். டெல்டாவில் ஒரு நகராட்சி எல்லைக்குள் உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், நாளைக்கு அதே அலுவலகத்துக்குத்தான் போய் நிற்க வேண்டும். அப்பா 1994-இல் கட்டிய கட்டடம். கீழே கடை, மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கான அரையாண்டு வரி 4,350 ரூபாய் கட்டியாகிவிட்டது. இந்த அரையாண்டுக்கு 14,575 என்று கேட்பு வந்திருக்கிறது. மூன்று மடங்குக்கும் மேல்! கட்டடத்தில் ஒரு செங்கல்கூட மாற்றவில்லை. கடைகளுக்கு இவ்வளவுதான் ஏற்றலாம் என்று உச்சவரம்பு எதுவும் கிடையாதா? சம்பாவுக்குக் கொடுத்த உரமெல்லாம் கடன் நோட்டில்தான் இருக்கிறது. தை, மாசியில் அறுவடை ஆனால்தான் பணம் திரும்பும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாறு

அண்ணே, 2022-இல் கடைகளுக்கு 150 சதவீதம் ஏற்றினார்களே, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இப்போது போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவிலும் எல்லோரும் புலம்புகிறார்கள்.

பழைய தண்டலர்

150 சதவீதம் சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் இருந்த கடைகளுக்கு. நம் பக்கத்து மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம்தான். அதையும் 2022-23 முதல் அரையாண்டிலேயே ஒரே தடவையில் போட்டுவிட்டார்கள். மிச்சம் வைத்துத் தவணையில் போடுகிற வழக்கமெல்லாம் கிடையாது.

உரக்கடைத் தம்பி, நான் வேறொரு நகராட்சியில் பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று விவரம் வேண்டும். 2022-இல் வந்த உயர்வு நோட்டீஸில் கடைக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று பிரித்திருப்பார்கள், அந்தத் தொகைகள். புது நோட்டீஸில் பரப்பளவு எத்தனை சதுர அடி. பயன்பாடு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது. மூன்றும் வந்தால் கணக்கு பார்த்துச் சொல்கிறேன்.

உரக்கடை

ஐயா, அப்பாவின் மஞ்சள் பையைக் கொட்டித் தேடினேன். நல்லவேளை, கிடைத்தது.

2022-க்கு முன்னால் கடை 600 சதுர அடிக்கு 1,500, மாடி வீடு 1,000 சதுர அடிக்கு 900. ஆக 2,400 ரூபாய். ஏப்ரல் 2022 முதல் கடைக்கு 3,000, வீட்டுக்கு 1,350. ஆக 4,350.

புது நோட்டீஸில் பரப்பு 2,750 சதுர அடி, பயன்பாடு வணிகம். ஒரே வரிதான், பிரிக்கவில்லை.

பழைய தண்டலர்

சரி, பிடிபட்டுவிட்டது.

உங்கள் 2022 நோட்டீஸ் சுத்தமாக இருக்கிறது. கடைக்கு 100 சதவீதம், அதாவது இரட்டிப்பு. வீடுகளுக்கு அப்போது 600 சதுர அடி வரை 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். உங்கள் மாடி 1,000 சதுர அடி, அதனால் 50. தொழிற்சாலைக்கும் சுயநிதிப் பள்ளிகளுக்கும் 75. இந்த ஆண்டு அதன்மேல் 6 சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள். பதினைந்தாவது நிதிக்குழு மானியம் வேண்டுமென்றால் மாநிலத்தின் வளர்ச்சி விகிதத்துக்கு ஏற்ப வரியும் வளர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது, அதன் விளைவு இது. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு வர வேண்டியது 4,611 ரூபாய்.

இப்போது சதுர அடிக்கு எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் கடைக்கு 3,000 வகுத்தல் 600, ஐந்து ரூபாய். ஆறு சதவீதம் சேர்த்தால் 5.30. புது வரி 14,575-ஐ 5.30-ஆல் வகுத்தால் சரியாக 2,750 வருகிறது. ஆக, விகிதத்தில் யாரும் கைவைக்கவில்லை. மாடி வீட்டையும் சேர்த்து மொத்தத்தையும் கடை என்று எழுதிவிட்டார்கள். பரப்பும் 1,600-இலிருந்து 2,750 ஆகியிருக்கிறது.

உச்சவரம்பு கேட்டீர்களே, அரசாணையில் வரும் சதவீதம்தான் வரம்பு. அது விகிதத்துக்கு மட்டும்தான். அளவு கூடினாலோ பயன்பாடு மாறினாலோ அந்தச் சதவீதம் காப்பாற்றாது. ‘உயர்வு’ என்று நினைத்து அரசைத் திட்டிக்கொண்டு இருப்பார்கள், விஷயம் டேப்பில் இருக்கும்.

அந்த 1,150 சதுர அடி எங்கிருந்து வந்தது, தம்பி?

உரக்கடை

ஐயா, பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை உண்டு. மூட்டை அடுக்குகிற இடம். முன்பு கீற்றுக் கொட்டகையாகச் சின்னதாக இருந்தது. கஜா புயலில், 2018 நவம்பரில், மொத்தமும் பறந்து பக்கத்துத் தென்னந்தோப்பில் கிடந்தது. 2019-இல் இரும்புத் தூண் வைத்துத் தகரம் போட்டோம். அதற்கு வரி எதுவும் போடவில்லை, நாங்களும் சொல்லவில்லை. போன மாதம் இரண்டு பேர் வந்து அளந்துவிட்டுப் போனார்கள்.

வெண்ணாறு

ஒரு செங்கல்கூட மாற்றவில்லை என்று சொன்னது உண்மைதான் அண்ணே. தகரம்தானே 😀

பழைய தண்டலர்

சிரிக்காதீர்கள், ஊரில் பாதிக் கடைக்குப் பின்னால் இதே கதைதான்.

கொட்டகைக்கு வரி உண்டு தம்பி, அதில் வாதாட வேண்டாம். கூரை போட்டு நிரந்தரமாக நிற்கிறது, சரக்கு வைக்கிறீர்கள், அது வணிகக் கட்டடம். விடுபட்ட காலத்துக்குப் பின்னோக்கி வரி போடவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு, அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆனால் 1,150 சதுர அடியும் கூரைக்குக் கீழே இருக்கிறதா? லாரி நிற்கிற திறந்த வெளியையும் சேர்த்து இழுத்திருப்பார்கள். டேப்பை மதிலிலிருந்து மதிலுக்குப் பிடித்தால் அப்படித்தான் வரும். நானும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கு நீங்களே அளந்து எழுதுங்கள். கூரை தகரம் என்று பதிவாகியிருக்கிறதா, கான்கிரீட் என்றா, அதையும் கேளுங்கள்.

சான் ஹோசே தம்பி

நான் பட்டுக்கோட்டைக்காரன், இப்போது கலிபோர்னியாவில். உச்சவரம்பு என்றதும் எழுதத் தோன்றியது. இங்கே 1978-இல் மக்கள் வாக்கெடுப்பிலேயே வரம்பு வைத்துவிட்டார்கள். அடிப்படை வரி சொத்தின் மதிப்பில் 1 சதவீதம், அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. கடை, தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் இதே சட்டம். வணிகச் சொத்துக்கு மட்டும் வரம்பை எடுக்கலாமா என்று 2020-இல் மறுபடி வாக்கெடுப்பு வைத்தார்கள், தோற்றுவிட்டது. ஆனால் இடம் கைமாறினால் புது விலைக்கே மதிப்புப் போடுவார்கள். ஒரே தெருவில் பழைய கடைக்காரர் கட்டுவதும் புதிதாக வாங்கியவர் கட்டுவதும் மலைக்கும் மடுவுக்கும்.

பழைய தண்டலர்

நல்ல தகவல் தம்பி. நம்மிடமும் ரூபாயில் வரம்பு உள்ள வரி ஒன்று உண்டு, தொழில் வரி. அரசியல் சாசனத்தின் 276-வது பிரிவு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் கூடாது என்கிறது. 1988-இல் வைத்த தொகை. சொத்து வரிக்கு அப்படி ஒரு கூரை இல்லை. இரண்டும் ஒரே கவுன்ட்டரில் வாங்குவதால் ஆட்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

மடத்துத்தெரு

இழைக்குக் கொஞ்சம் வெளியே, மன்னிக்கவும். நான் கும்பகோணம். கோயில் அடிமனையில் கடை கட்டியிருக்கிறோம், மூன்று தலைமுறை. மாநகராட்சிக்கு எங்கள் பெயரில்தான் சொத்து வரி கட்டுகிறோம். இப்போது கோயில் வாடகையையும் ஏற்றிவிட்டார்கள். வரி கட்டுவதால் இடத்தில் எங்களுக்கு உரிமை வருமா?

பழைய தண்டலர்

வராது அம்மா. ரசீதில் உங்கள் பெயர் இருப்பது கட்டடத்துக்கு வரி கட்டுபவர் நீங்கள் என்பதற்கு மட்டும்தான். மண் கோயிலுடையது. கோயில் வாடகையை நிர்ணயிப்பது அறநிலையத்துறைச் சட்டத்தின் 34ஏ பிரிவு, மாநகராட்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. தனி இழை போடுங்கள், தெரிந்தவர்கள் வருவார்கள்.

உரக்கடை (17 அக்டோபர்)

அளந்துவிட்டேன். கூரைக்குக் கீழே 850 சதுர அடி. மீதி 300 சதுர அடி வெறும் வெளி, மழை பெய்தால் நனையும். இனி என்ன செய்ய?

பழைய தண்டலர்

அப்படியானால் கடையும் கொட்டகையும் 1,450 சதுர அடி, 5.30 வீதம் 7,685. மாடி வீட்டுக்கு 1,350 கூட்டல் 6 சதவீதம், 1,431. மொத்தம் 9,116. தகரக் கூரைக்கு ஏதாவது குறைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். 4,611-க்குத் திரும்பும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ஆணையர் பெயருக்குச் சீராய்வு மனு எழுதுங்கள். கெடு நோட்டீஸின் கீழே அச்சாகியிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். மனுவில் அழுகையெல்லாம் வேண்டாம். மாடி குடியிருப்பு, திறந்தவெளி 300 சதுர அடி கட்டடம் அல்ல, மறு அளவீடு வேண்டும். இவ்வளவுதான். மாடிக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா? வீட்டுக் கட்டணம் 1ஏ என்று அட்டையில் இருந்தால் அதன் நகல் ஒன்று போதும், அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. கூடவே குடும்ப அட்டை நகல், பழைய 2022 நோட்டீஸ், கையால் போட்ட ஒரு வரைபடம். பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள், வானம் தெரியட்டும்.

மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வரக் கூடாது. ‘மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்’ என்பார்கள். அசையாதீர்கள்.

அளவீட்டுத் தாளைக் காட்ட மறுத்தால் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமையில் கேளுங்கள். முப்பது நாள் ஆகும், அதனால் மனுவை அதற்காக நிறுத்த வேண்டாம்.

வெண்ணாறு

மனு நிலுவையில் இருக்கும்போது வரி கட்டாமல் இருக்கலாமா ஐயா?

பழைய தண்டலர்

கட்டுவதுதான் நல்லது. அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் முழுதும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் சேரும். கையில் பணம் இருப்பவர் முழுதும் கட்டிவிட்டு மனுவும் போடலாம். கூடுதலாகக் கட்டியதைப் பணமாகத் திருப்பித் தர மாட்டார்கள், அடுத்த அரையாண்டில் கழிப்பார்கள். 2018 உயர்வை 2019 நவம்பரில் நிறுத்தியபோதும் அப்படித்தான் கழித்தார்கள். உரக்கடைத் தம்பிக்கு அறுவடை வரை பணம் இல்லை, ஆகவே மறுப்பில்லாத 4,611-ஐயாவது கவுன்ட்டரில் கட்டி ரசீது வாங்கட்டும். மீதியில் நியாயமானது 4,505, அதற்கு மாதம் 45 ரூபாய்தான் ஏறும். தூக்கம் கெடுகிற தொகை இல்லை.

உரக்கடை (22 ஜனவரி 2025)

கேள்வி கேட்டுவிட்டுக் காணாமல் போனவன் என்று நினைத்திருப்பீர்கள். நவம்பர் கடைசி மழையில் வயல்கள் மூழ்கி, கடன் வாங்கியவர்களைக் கேட்கவே முடியாமல் போய்விட்டது.

அக்டோபர் 21 அன்று மனு கொடுத்தேன். மேசையில் வைத்துவிட்டுப் போகத்தான் சொன்னார்கள், ஐயா சொன்னபடி அசையவில்லை. 4,611 கட்டப் போனால் பகுதித் தொகை வாங்க மாட்டோம் என்று கவுன்ட்டரில் முணுமுணுத்தார்கள். மனு நகலைக் காட்டியதும் வாங்கிக்கொண்டார்கள். ஊக்கத்தொகை கிடைக்கவில்லை.

டிசம்பரில் வருவாய் ஆய்வாளரே வந்து மறுபடி அளந்தார். மாடியில் அம்மா குழம்பு தாளித்துக்கொண்டிருந்தார், அதற்கு மேல் சாட்சி எதற்கு! பொங்கலுக்கு முன்னால் உத்தரவு வந்தது. வீடு 1,000, வணிகம் 1,450, வரி 9,116. ஐயா போட்ட கணக்கேதான். தகரம் என்று குறித்திருக்கிறார்கள், அதற்குத் தொகை எதுவும் குறையவில்லை.

மாடிக்குத் தனி வரிவிதிப்பு எண் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2019 முதல் கொட்டகைக்குப் பின்பாக்கி நோட்டீஸ் தனியாக வரும் என்று ஆய்வாளர் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

பழைய தண்டலர்

வரட்டும். கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள், மனுவுக்கு நாள் அதிலிருந்துதான் ஓடும். அதில் 850 என்று இருக்க வேண்டும், 1,150 இருந்தால் உடனே இங்கே எழுதுங்கள்.