பௌலிங் பார்க்கப் போன கதைகள்

பீனிக்ஸ்காரன்:

"வெள்ளிக்கிழமை பௌலிங் பார்க்கப் போறேன்" என்று டர்பனில் சொன்னால் மூன்று அர்த்தம் உண்டு. பாதிப் பேர் கிங்ஸ்மீடு மைதானத்தில் யாரோடு கிரிக்கெட் மேட்ச் என்று கேட்பார்கள். பெரியவர்களுக்கு வெள்ளை உடுப்பில் புல்தரையில் பந்து உருட்டும் பௌல்ஸ் நினைவுக்கு வரும். நான் சொல்வது மூன்றாவது, பத்துக் கட்டையை உருட்டித் தள்ளும் ஆட்டம். "அதை ஆடத்தானே போவாங்க, போய்ப் பார்ப்பாங்களா?" என்று என் வீட்டுக்காரியே கேட்டாள். பார்க்கப் போனவர்கள் இருந்தால் உங்கள் கதையைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

நண்பர் ஒருவர் லீக் ஆடுகிறார். அவருக்காகப் போய் உட்கார்ந்த முதல் இரண்டு வாரமும் கொட்டாவிதான். எல்லோரும் ஒரே மாதிரி நடந்து வந்து ஒரே மாதிரி உருட்டுகிறார்கள். மூன்றாவது வாரம்தான் அவர் எண்ணெய் விஷயத்தைச் சொன்னார். பந்து வீசும் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. அதில் சுமார் 40 அடிக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள், மீதி காய்ந்து கிடக்கும். எண்ணெயில் பந்து சறுக்கிக்கொண்டே போய், காய்ந்த இடம் வந்ததும் தரையைப் பிடித்து வளையும். இந்த எண்ணெய் நம் கண்ணுக்குத் தெரியாது, ஆடுகிறவர் கண்ணுக்கும் தெரியாது. முந்தின பந்து போன போக்கை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். போதாததற்கு ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போகிறது. ஏழு மணிக்குப் பத்தையும் சாய்த்த அதே வீச்சு எட்டரைக்குச் சாய்க்காது. இது தெரிந்த பிறகு நான் கட்டைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவர் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு தரைப்பலகை இடப்பக்கம் தள்ளி நிற்கிறாரா என்று காலைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் ஒரு நாள். பக்கத்துப் பாதையில் ஆடிய ஒரு அண்ணன் தொடர்ந்து ஒன்பது ஸ்ட்ரைக் (ஒரே பந்தில் பத்தையும் சாய்ப்பது) போட்டுவிட்டார். பன்னிரண்டு போட்டால் முழு ஆட்டம், 300. இப்படி ஒருவர் போய்க்கொண்டிருக்கும்போது அவரிடம் யாரும் பேசக் கூடாது, கணக்கை வாயால் சொல்லவே கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். சுற்றியிருந்தவர்கள் பந்தைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார்கள். அந்த அமைதியில் என் ஆறு வயது மகள், "அங்கிள், இன்னும் மூணுதான்!" என்று கத்தினாள். பந்து சரியான இடத்தில்தான் போய் அடித்தது. ஒன்பது விழுந்தன. வலது மூலைக் கட்டை மட்டும் ஆடி ஆடி நின்றுவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே வந்து அவளுக்கு ஒரு கோக் வாங்கிக் கொடுத்தார். நான்தான் இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை.

செஞ்சூரியன் தம்பி:

அண்ணா, பாப்பா மேல் பழி போடாதீர்கள். அந்த மூலைக் கட்டைக்குப் பெயரே 10ஆம் நம்பர் பின். வலது கைக்காரர்களின் பரம எதிரி. நல்ல ஸ்ட்ரைக்கில் பந்து நேரடியாகத் தொடுவது 1, 3, 5, 9 என்ற நாலே கட்டைகளைத்தான். மற்ற ஆறையும் கட்டைகளே ஒன்றையொன்று தள்ளி விழுத்துகின்றன. 3 போய் 6ஐத் தள்ளும், 6 போய் 10ஐத் தள்ளும். அந்த 6 கொஞ்சம் பிசகி 10ஐச் சுற்றிக்கொண்டு போனால் முடிந்தது கதை.

1970இல் அமெரிக்காவில் ஏக்ரன் நகரில் டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ் இறுதி ஆட்டம். டான் ஜான்சன் பதினொரு ஸ்ட்ரைக் போட்டுவிட்டுப் பன்னிரண்டாவதை வீசினார். இதே 10ஆம் நம்பர் நின்றது. 299. மனுஷன் அப்படியே தரையில் குப்புற விழுந்து கிடந்தார். பட்டம் அவருக்குத்தான், ஆனால் அந்த வீடியோவைப் பார்த்தால் தோற்றவர் என்றே நினைப்பீர்கள்.

ஆனால் நேரில் போய்ப் பார்ப்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹாலில் பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்தின் வளைவே தெரியாது. பாட்டுச் சத்தம் வேறு. திரையில், பாதைக்குப் பின்னாலிருக்கும் கேமராவில் பார்க்க வேண்டிய ஆட்டம் இது. ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டி இரண்டு கையாலும் வீசுவதை முதலில் பார்த்தபோது, சின்னப் பிள்ளை மாதிரி வீசுகிறாரே என்று நானும் தம்பியும் சிரித்தோம். உண்மையிலேயே சின்னப் பிள்ளையில் பந்தைத் தூக்க முடியாமல் பழகியதுதானாம். அவருடைய பெற்றோர் பௌலிங் கூடம் நடத்தியவர்கள். அந்தக் கையோடு மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் பதினைந்து பட்டம் வாங்கிவிட்டார். சிரித்த தம்பி இப்போது இரண்டு கையால்தான் வீசுகிறான், பந்து நேராகப் பாதையோரச் சாக்கடைக்குப் போகிறது.

ஜோபர்க் அக்கா:

எங்கள் வீட்டில் பார்வையாளர் என்றால் அப்பாதான். மதுரையிலிருந்து மூன்று மாதம் வந்திருந்தார். பேரன் பிறந்தநாளுக்குப் பௌலிங் கூடத்துக்குப் போனோம். பேரன் எட்டு கட்டை சாய்த்தபோது ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துக்காரர் பத்தும் சாய்த்ததும் கணக்குப் பலகையைப் பார்த்து, "பத்து விழுந்துச்சு, நம்பரையே காணோமே, ஏமாத்துறானுங்களா?" என்றார். ஸ்ட்ரைக் போட்டால் அடுத்த இரண்டு பந்தில் விழுவதையும் பத்தோடு சேர்ப்பார்கள், அதுவரை கணக்கு நிலுவையில் இருக்கும் என்று சொன்னேன். "அப்ப கடன் வச்சு விளையாடறாங்க" என்றார். அதற்குப் பிறகு அவரைக் கிளப்பவே முடியவில்லை. யார் என்று தெரியாத நாலு குடும்பங்களின் கணக்கையும் கேக் பெட்டி அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார்.

சாட்ஸ்வர்த் தாத்தா:

நீங்கள் எல்லாம் கட்டை உருட்டும் கதை சொல்கிறீர்கள். நான் புல்தரைக் கதை சொல்கிறேன்.

நாங்கள் டர்பனில் கேட்டோ மேனரில் இருந்தோம். நிறவெறி அரசு எங்களைச் சாட்ஸ்வர்த்துக்கு விரட்டியது பிறகு. என் அப்பாவுக்கு ஒரு பௌல்ஸ் கிளப்பில் புல்தரை பார்க்கும் வேலை. விடியற்காலையில் போய்ப் பனியைத் துடைப்பார், புல்லை வெட்டுவார், ரோலர் இழுப்பார். தரை மேசை மாதிரி இருக்க வேண்டும். சனிக்கிழமை ஆயா கட்டிக் கொடுத்த சாப்பாட்டைக் கொண்டுபோவது என் வேலை. உள்ளே வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் ஆடலாம். நான் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன்.

உருட்டும் பந்தைப் பார்த்தால் உருண்டை மாதிரி இருக்கும், ஆனால் ஒரு பக்கம் வடிவம் மாறியிருக்கும். உள்ளே ஈயம் எல்லாம் கிடையாது. வேகமாகப் போகும்வரை நேராகத்தான் போகும். வேகம் குறையக் குறைய வளையும். தூரத்தில் கிடக்கும் சின்ன வெள்ளைப் பந்துக்கு யார் பந்து கிட்டப் போகிறது என்பதுதான் ஆட்டம். உங்கள் ஆட்டத்தில் இரண்டு நொடியில் முடிந்துவிடும். இதில் பத்துப் பன்னிரண்டு நொடி காத்திருக்க வேண்டும். அந்த வெள்ளைக்காரர்கள் பந்தோடு கூடவே குனிந்து நடப்பார்கள், கையை ஆட்டி வா வா என்பார்கள், மாட்டை அதட்டுகிற மாதிரி அதட்டுவார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குச் சிரிப்பு தாங்காது. அப்பா மட்டும் ஆளைப் பார்க்க மாட்டார். பந்து எங்கே துள்ளுகிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். துள்ளினால் திங்கட்கிழமை அவருக்குத்தான் திட்டு.

1976இல் ஜோஹன்னஸ்பர்க்கில் உலகப் போட்டி நடந்து, எல்லாத் தங்கமும் தென்னாப்பிரிக்காவுக்கே என்று பேப்பரில் வந்தது. அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "தரை நல்லா இருக்கு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அதே வருஷம் ஜூனில்தான் சொவெட்டோவில் கறுப்பின மாணவர்கள் கிளர்ந்தெழுந்ததும், போலீஸ் சுட்டதும்.

பிற்காலத்தில் அந்தக் கதவு எங்களுக்கும் திறந்தது. ஒருமுறை போய் உருட்டினேன். அடுத்தவன் பாதையில் போய் நின்றது.

பீனிக்ஸ்காரன்:

தாத்தா, இந்த வெள்ளிக்கிழமை என் காரில் வாருங்கள். பீன்ஸ் பன்னி (ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பியது) நான் வாங்கித் தருகிறேன். மகளும் வருவாள், பேச மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள்.

சாட்ஸ்வர்த் தாத்தா:

வருகிறேன் தம்பி. பாதைக்கு நேர் பின்னால் இடம் பிடித்து வை. அந்தப் பாட்டைக் குறைக்கச் சொல். பிள்ளையைப் பேச விடு.