தாலினுக்கு மூன்று மணி நேரம் போதுமாம்!

ஊர்சுற்றி:
பெரம்பூர் பெரியவர் தன் ஸ்காண்டிநேவியா, பால்டிக் பஸ் டூர் கதையை எழுதி முடித்துவிட்டார். கோபன்ஹேகன், ஒஸ்லோ, ஸ்டாக்ஹோம், ராத்திரிக் கப்பலில் ஹெல்சிங்கி, அப்புறம் பால்டிக் தலைநகரங்கள்: எஸ்தோனியாவின் தாலின், லாட்வியாவின் ரிகா, லித்துவேனியாவின் வில்னியஸ். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் நடுவில் ஒரு வரி: "தாலின் சின்ன ஊர். மூன்று மணி நேரத்தில் முழுதாகப் பார்த்துவிட்டோம். அங்கே போய் நாள்கணக்கில் தங்குகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம்." வேறு வேலை இல்லாத அந்த ஆள் யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சரி, என்னை விடுங்கள். 1219-ல் டென்மார்க் ராஜா வால்டெமார் பிடித்த ஊர், அதற்கப்புறம் எழுந்த மதிலும் கோபுரமும் இன்னும் நிற்கின்றன. அதை மூன்று மணி நேரத்தில் "முழுதாக" எப்படிப் பார்த்தீர்கள் என்று விளக்கினால் நாங்களும் கற்றுக்கொள்வோம்.

பெரம்பூர் பெரியவர்:
விளக்கம்தானே, தருகிறேன். டூம்பியா மேட்டில் வெங்காய கும்பம் வைத்த ரஷ்யத் தேவாலயம், எதிரே பார்லிமென்ட். பக்கத்திலேயே வியூ பாயிண்ட்: சிவப்பு ஓட்டுக் கூரைகள், ஓலாஃப் தேவாலயக் கோபுரம், பின்னால் கடல், போட்டோ. இறங்கினால் டவுன்ஹால் சதுக்கம். மூலையில் மருந்துக்கடை, 1422-லேயே பதிவில் இருக்கிறது, இன்றும் மாத்திரை விற்கிறார்கள். அப்புறம் விரு வாசலின் இரட்டைக் கோபுரம். முடிந்தது. இதில் எது பாக்கி? நீங்கள் பார்த்தது வேறு தாலினா? மூன்று மணி நேரம் போதும். போன வருஷம் பிராக் கடிகார விஷயத்தில் நான் சொன்னது உங்களுக்கு இன்னும் ஜீரணமாகவில்லை, அதுதான் விஷயம்.

கணக்குப்பிள்ளை:
பிராக்கை விடுங்கள். உங்கள் கட்டுரையிலேயே நேரம் போட்டிருக்கிறீர்கள். ஹெல்சிங்கியில் கப்பல் பத்தரைக்கு. இரண்டு மணி நேரக் கடல், தாலினில் பன்னிரண்டரை. எல்லோரும் இறங்கிப் பஸ் ஏறும்போது மணி ஒன்று. நாலு மணிக்கு ரிகாவுக்குக் கிளம்பியாயிற்று. ஒன்றிலிருந்து நாலு வரை மூன்று மணி நேரம், சரி. ஆனால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு தாலினில் இந்திய ஓட்டலில் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே கேள்வி: அந்த மூன்று மணி சாப்பாடு சேர்த்தா, சேர்க்காமலா?

பெரம்பூர் பெரியவர்:
சாப்பாடு இருபது நிமிஷம். பட்டாளத்துச் சாப்பாடு மாதிரி முடித்தோம்.

திருச்சி லலிதா:
சார், வணக்கம். நானும் அதே பஸ்தான். எட்டாவது வரிசை, அம்மாவோடு. ஞாபகம் இருக்காது, நீங்கள் டூர் முடியும்வரை பின்னால் திரும்பியே பார்க்கவில்லை. இருபது நிமிஷமா? ஜெயின் சாப்பாடு தனியாக வரவேண்டும் என்று பாதிப் பேர் தட்டோடு காத்திருந்தார்கள். ரொட்டி வர இன்னும் நேரம் ஆயிற்று. "ரசம் கேட்டால் தக்காளி சூப் தருகிறான்" என்று நீங்கள் மேனேஜரைக் கூப்பிட்டுப் பேசினதிலேயே கால் மணி போனது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டலிலேயே உட்கார்ந்திருந்தோம்.

கணக்குப்பிள்ளை:
ஆக, சாப்பாடு சேர்த்துத்தான். நன்றி அம்மா.

பெரம்பூர் பெரியவர்:
சேர்த்தால் என்ன, சேர்க்காவிட்டால் என்ன? இரண்டு மணியில் பார்த்தேன் என்றால் என் வாதம் இன்னும் பலமாகிறது. யோசித்துப் பேசுங்கள்.

ஊர்சுற்றி:
அடடா. அப்படிப் பார்த்தால் போகாமலே இருந்திருந்தால் வாதம் அசைக்கவே முடியாது.

ஒன்று கேட்கிறேன். ஸ்டாக்ஹோமில் வாசா கப்பலுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 1628-ல் கிளம்பி 1,300 மீட்டர் போவதற்குள் கவிழ்ந்த கப்பல் அது, 1961-ல்தான் தூக்கினார்கள். துறைமுகத்தைத் தாண்டாத கப்பலுக்கு ஒன்றரை மணி, 800 வருஷ ஊருக்குச் சாப்பாடு போக இரண்டு மணியா?

பெரம்பூர் பெரியவர்:
வாசா மியூசியத்தில் கூரை இருந்தது, வெளியே மழை. அனுபவஸ்தர்களுக்குப் புரியும்.

புதியவன்:
சின்னச் சந்தேகம். ஓர் ஊரைப் பார்ப்பது என்றால் சுற்றி வந்தால் போதுமா, உள்ளே போய்ப் பார்க்கவேண்டுமா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் இந்தச் சண்டையே

பெரம்பூர் பெரியவர்:
தம்பி, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். லலிதா அம்மாவுக்குச் சொல்கிறேன்: முன்சீட் எனக்கு டாக்டர் சொல்லித்தான். பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றும்.

திருச்சி லலிதா:
தினமும் இரண்டு வரிசை பின்னால் மாறி உட்காரவேண்டும் என்று முதல் நாளே டூர் மேனேஜர் சொன்னார். எல்லோரும் மாறினோம், உங்கள் பை மட்டும் மாறவில்லை. கப்பலில் மேல்தளத்தில் காற்றில் நின்று வீடியோ எடுத்தபோது தலை சுற்றவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. டூம்பியா மேட்டின் கூழாங்கல் பாதையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைத்தாள். கொடியைப் பிடித்துக்கொண்டு கைடு அம்மா முன்னால் ஓடுகிறாள், காதில் மாட்டின கருவியில் குரல் கேட்கிறது, ஆள் எந்தச் சந்தில் போனாள் என்று தெரியவில்லை. நாங்கள் வியூ பாயிண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் இறங்கிக்கொண்டிருந்தீர்கள். "என்னம்மா இவ்வளவு லேட்" என்று கேட்டீர்கள்.

ஒஸ்லோ சிவா:
தாலின் சண்டையை நீங்கள் பிடியுங்கள். எனக்குக் கோபம் வேறு. "ஒஸ்லோவில் அம்மணச் சிலைகளை விட்டால் ஒன்றும் இல்லை" என்று ஐயா எழுதியிருக்கிறார். விகெலாண்ட் பூங்காவில் 200-க்கு மேல் சிலைகள். ஒரே கருங்கல்லில் 121 உருவங்கள் பின்னிக்கிடக்கிற தூணை அரை மணியில் பார்த்துவிட்டு இப்படிக் கதைக்கக்கூடாது. சமாதான நோபல் பரிசு கொடுக்கிற நகரசபை மண்டபம் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். நீங்கள் பஸ்ஸுக்குள் இருந்து கையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

பெரம்பூர் பெரியவர்:
நம் கோயில் கோபுரத்தில் பார்க்காத சிலையா, சிவா? உங்கள் ஊரைக் குறை சொல்லவில்லை. ஒரு காபிக்கு அவர்கள் வாங்குகிற காசைப் பார்த்த பிறகு சிலையில் மனம் ஒட்டவில்லை.

ஒஸ்லோ சிவா:
காப்பி விலைக்கும் சிலைக்கும் என்ன ஐயா சம்பந்தம்? எங்கட ஆட்கள் வடக்கே மீன் ஆலையில் நின்று உழைத்து இந்த நாட்டில் வாழத் தொடங்கினவர்கள். காப்பி விலையை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஊர்சுற்றி:
எல்லோரும் எங்கேயோ போகிறீர்கள். தாலின். நம் பெரியவர் கோபன்ஹேகனில் டென்மார்க் கொடியைப் பிடித்துக்கொண்டு போட்டோ போட்டிருக்கிறார். அந்தக் கொடி வானத்திலிருந்து விழுந்ததாகக் கதை. விழுந்த இடம் தாலின்தான், 1219 சண்டையில். டூம்பியாச் சரிவில் டேனிஷ் ராஜா தோட்டம் என்றே ஓர் இடம் இருக்கிறது. பார்த்தீர்களா?

பெரம்பூர் பெரியவர்:
கைடு சொன்னாள். நடந்துகொண்டே கேட்டேன். அதுவும் அந்த மூன்று மணிக்குள்தான் வருகிறது.

கணக்குப்பிள்ளை:
சாப்பாடு சேர்த்து.

பெரம்பூர் பெரியவர்:
சேர்த்து! போதுமா? நேரம் குறைந்ததற்கு நான் பொறுப்பா? நாலு மணிக்கே கிளம்பவேண்டும் என்று அடம் பிடித்தது டிரைவர். ஜூனில் அங்கே ராத்திரி பத்தரை வரை வெளிச்சம். கிளம்பிய ஆள் நேராகவும் போகவில்லை, நடுவில் பார்னு பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் முக்கால் மணி நிறுத்திவிட்டான். சிகரெட், காபி, போனில் பேச்சு. அவனைக் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அவன் அடம் பிடிக்கவில்லை, ஐரோப்பியச் சட்டம் அது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியே ஆகவேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் ஸ்டியரிங், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. வண்டியில் டேக்கோகிராஃப் எல்லாவற்றையும் பதிவு செய்யும். தாலினிலிருந்து ரிகா 310 கிலோமீட்டர், ஊருக்குள் நெரிசலும் சேர்ந்தால் நாலரை மணியைத் தொட்டுவிடும்.

பெரம்பூர் பெரியவர்:
காலையில் இரண்டு மணி நேரம் கப்பலில் தூங்கினானே, அது ஓய்வு இல்லையா?

கணக்குப்பிள்ளை:
அது ஓய்வுதான். அதனால்தான் கணக்கு தாலினில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. நான் சொன்னது அதற்கப்புறம் ஓட்டினதை. படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

திருச்சி லலிதா:
அந்த முக்கால் மணியில்தான் அம்மா பாத்ரூம் போக முடிந்தது. டிரைவருக்குப் புண்ணியம்.

ஊர்சுற்றி:
1989 ஆகஸ்ட் 23-ஆம் தேதி அந்த வழியெல்லாம் சுமார் 20 லட்சம் பேர் கைகோத்து நின்றார்கள். தாலினிலிருந்து ரிகா வழியாக வில்னியஸ் வரை, 600 கிலோமீட்டருக்கு மேல். ஹிட்லரும் ஸ்டாலினும் ரகசியமாகப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்துக்கு அன்றைக்கு 50 வருஷம். உங்கள் பஸ் அதே சாலையில்தான் போனது. பஸ்ஸில் என்ன நடந்தது?

திருச்சி லலிதா:
அந்தாக்ஷரி.

கணக்குப்பிள்ளை:
ஊர்சுற்றி, அதே சாலை இல்லை. அந்தச் சங்கிலி எஸ்தோனியாவில் வில்யாண்டி வழியாக உள்நாட்டில் போனது. பார்னு கடற்கரைப் பாதை வேறு. ரிகாவுக்குத் தெற்கேதான் நீங்கள் சொல்வது பொருந்தும்.

பெரம்பூர் பெரியவர்:
பார்த்தீர்களா! அங்கேயே தங்கிச் சுற்றினவருக்கு வழி தெரியவில்லை. நாள்கணக்கில் தங்கினால் அறிவு வந்துவிடாது என்று நான் சொன்னது இதைத்தான்.

ஊர்சுற்றி:
ரிகாவில் கருந்தலையர் என்ற பழைய வணிகர் சங்கத்து மாளிகை போட்டோவுக்குக் கீழே "பழமை மாறாமல் காத்து வருகிறார்கள்" என்று எழுதினவர் பேசுகிறார். 1941-ல் போரில் நொறுங்கி, மிச்சத்தை 1948-ல் இடித்துத் தள்ளி, திரும்பக் கட்டி முடித்தது 1999-ல். ஆல்பர்ட்டா தெருவில் ஐசன்ஸ்டீன் என்ற கட்டடக் கலைஞர் கட்டின வீடுகள், உச்சியில் வாயைப் பிளந்த முகங்கள், அதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறீர்கள். செப்பலின் ஆகாயக் கப்பல்களை நிறுத்திய கொட்டகைகளை வைத்துக் கட்டின சந்தையைப் பற்றி ஒரு வரி இல்லை.

பெரம்பூர் பெரியவர்:
சந்தையில் மீன் நாற்றம், நான் சைவம். மாளிகை எப்போது கட்டினால் என்ன, நேரே நின்றால் அழகாக இருக்கிறது. இன்னொன்று சொல்கிறேன். உங்களைப் போலத் தனியாகப் போனால் டிக்கெட், ஓட்டல், பஸ், கப்பல் எல்லாம் தேடவேண்டும். ஒரே ஷெங்கன் விசா, ஒரே பஸ், ராத்திரி சாதம். என் வயதில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கூழாங்கல்லில் நடந்து பாருங்கள். தாலினுக்கு மூன்று மணி நேரம் போதும், ரிகாவுக்கு இரண்டரை போதும். வில்னியஸில் கெதிமினாஸ் கோபுரத்தைக் கீழிருந்தே பார்க்கலாம்.

ஒஸ்லோ சிவா:
ராத்திரிச் சாதம் எண்டதும் ஞாபகம் வருகுது. இஞ்ச ஹோட்டலில் டூர் ஆட்கள் அறைக்குள்ள ரைஸ் குக்கர் போட்டு, புகை அலாரம் அடிச்சு, எல்லாரையும் குளிருக்குள்ள வெளியில நிப்பாட்டின கதை எங்கட ஆட்களிட்டக் கேட்டிருக்கிறன்.

திருச்சி லலிதா:
எங்கள் குழுவிலும் நடந்தது. ஸ்டாக்ஹோமில். முதல் மாடி, லிஃப்டுக்குப் பக்கத்து அறை.

பெரம்பூர் பெரியவர்:
அது குக்கர் இல்லை, வெந்நீர் கெட்டில். ரூமில் கெட்டில் வைக்காத ஓட்டலைச் சொல்லுங்கள், என்னைச் சொல்லாதீர்கள்.

திருச்சி லலிதா:
கெட்டிலில் பெருங்காய வாசனை எப்படி சார் வரும்?

பெரம்பூர் பெரியவர்:
பக்கத்து ரூம் குஜராத்திக்காரர்கள். அவர்களைக் கேளுங்கள்.