புதுப்பிப்பு: <பெயர்> டேக் உடைந்த கதை, காரணம் கிடைச்சிடுச்சு

போன வாரம் இதே இழையில் புலம்பியிருந்தேன். சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு சின்னத் தமிழ் வகுப்புக்குப் புத்தகப் பட்டியலை எக்ஸ்எம்எல்லா (தகவலை டேக்குகளுக்கு நடுவில் வைக்கும் கோப்பு வடிவம்) எடுத்தா, பார்சர் (அந்தக் கோப்பைப் படிக்கும் நிரல்) திறக்கவே மாட்டேங்குதுன்னு. எழுத்துருன்னு நினைச்சேன். தப்பு.

கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தப்பதான் தெரிஞ்சது. <பெயர்> இருக்க வேண்டிய இடத்தில் இது நின்னுச்சு:

<&#2986;&#3014;&#2991;&#2992;&#3021;>

நான் எக்ஸ்எம்எல் எழுதப் பயன்படுத்தினது பைத்தான் மொழியின் எலிமெண்ட்ட்ரீ நூலகம். என்கோடிங் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) எதுன்னு சொல்லலைன்னா அது ஆஸ்கியில்தான் எழுதும்; ஆஸ்கியில் தமிழ் எழுத்து கிடையாது. ஆஸ்கியில் அடங்காத எழுத்தை எண் குறியா மாத்திடும். டேக்குக்கு நடுவில் வரும் உரைக்கும், ஆட்ரிபியூட் (டேக்குக்குள் எழுதும் கூடுதல் விவரம்) மதிப்புக்கும் அது செல்லும். படிக்கும்போது பார்சர் திரும்ப எழுத்தாக்கிடும். ஆனா எலிமெண்ட் பெயரில், அதாவது டேக்கோட பெயரில், எண் குறிக்கு எக்ஸ்எம்எல் இடமே தரலை. பெயர்னா எழுத்தாவே இருக்கணும். புத்தகத் தலைப்பெல்லாம் ஒழுங்கா வந்ததால்தான் நான் இத்தனை நாள் ஏமாந்தேன்!

எக்ஸ்எஸ்எல்டி 2.0 (எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாத்தும் மொழி) இதில் நேர்மை: இப்படி வந்தா பிழைன்னு நிறுத்தணும்னே விதி. சத்தமில்லாமல் உடைந்த கோப்பைத் தர்றதுக்கு அது எவ்வளவோ மேல்.

தீர்வு ஒரே சொல்: எலிமெண்ட்ட்ரீயின் டோஸ்ட்ரிங் அழைப்பில் என்கோடிங் யூடிஎஃப்-8 (தமிழும் அடங்கும் முறை). 'பெயர்' 15 பைட் ஆகுது, ஆகட்டும்.

டேக்கை இங்கிலீஷில் வைக்கச் சொன்ன அண்ணனுக்கு: தமிழ் டேக் முழுக்க எக்ஸ்எம்எல் விதிப்படிதான், மெய்யெழுத்தின் புள்ளி உட்பட. 'ஶ' மட்டும் உஷார். 2008-இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 ஐந்தாம் பதிப்புக்கு முந்தைய விதியைப் பிடிச்சிருக்கும் பார்சர் அதை ஏத்துக்காது.