யூசர் குழம்பினா ட்ரெய்னிங் வீடியோதான் தீர்வா?

வெண்பலகை:
ஆபீஸ்ல சரக்கு என்ட்ரி போடுற சாஃப்ட்வேர் ஒண்ணு பண்ணிருக்கோம். பக் எதுவும் இல்ல, ஆனா யூஸ் பண்றவங்க ஃபார்மை பாதியிலயே விட்டுட்டு போயிடறாங்க, இல்லேன்னா தேதியை மாத்தி போட்டுட்டு போன் பண்றாங்க. ட்ரெய்னிங் வீடியோ போட்டா சரியாயிடும்னு டீம்ல சொல்றாங்க, எனக்கு மனசு ஒப்பல, ஸ்க்ரீன்லதான் கோளாறுன்னு தோணுது. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்? யூஎக்ஸ், அதாவது யூஸ் பண்றவங்களுக்கு ஸ்க்ரீன் சுலபமா இருக்கான்னு பாக்க தனியா ஆள் கிடையாது.

தேன்சிட்டு:
வீடியோ வேண்டாங்க. தினம் அந்த வேலை செய்யற அஞ்சு பேரை தனித்தனியா உக்கார வச்சு, நிஜமான ஒரு பில்லை கையில கொடுத்து என்ட்ரி போடச் சொல்லுங்க, மனசுல ஓடுறதை வாய்விட்டு சொல்லிக்கிட்டே செய்யட்டும். நீங்க மட்டும் வாயே திறக்கக் கூடாது. அவங்க பட்டனை தேடும்போது "அதோ மேல"ன்னு சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லிட்டா அந்த டெஸ்ட்டே வீண். அஞ்சு பேர் போதுமான்னு டீம்ல கேப்பாங்க. அஞ்சு பேர்லயே சுமார் 85% பிரச்சினை தெரிஞ்சிடும்னு யூஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000லயே எழுதிருக்கார், ஆனா அது ஒவ்வொரு பிரச்சினையும் சராசரியா 31% பேருக்கு தட்டுப்படும்னு வச்சு போட்ட கணக்கு, எல்லா இடத்துலயும் அப்படியே வராது. அதனால பாத்து, திருத்தி, திரும்ப வேற அஞ்சு பேர்.

கோடும்புள்ளியும்:
தேதி எந்த மாதிரி போடணும்ங்கிறதை பாக்ஸுக்குள்ளயே சாம்பல் கலர்ல எழுதிருக்கீங்களா? டைப் பண்ண ஆரம்பிச்சதும் அது மறைஞ்சிடும், அப்புறம் நாள் முதல்லயா மாசம் முதல்லயான்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? பாக்ஸுக்கு மேல, எப்பவும் தெரியற மாதிரி வைங்க, மாசத்தை பேரா காட்டுங்க. அந்த சாம்பல் கலரும் மங்கலா இருக்கக் கூடாது: சின்ன எழுத்துக்கு பின்னணியோட கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) குறைஞ்சது 4.5:1 இருக்கணும்னு டபிள்யூசிஏஜி, அதாவது வெப் பக்கங்களை எல்லாரும் பயன்படுத்த முடியறதுக்கான வழிகாட்டி, சொல்லுது.

வெண்பலகை:
ஆமாங்க, பாக்ஸுக்குள்ளதான் இருக்கு! இன்னொண்ணு, டெலீட் பண்றப்போ "நிச்சயமா?"ன்னு கேக்குறோம், அப்படியும் தப்பா அழிச்சிடறாங்க.

இரவுப்பறவை:
ஒரு நாளைக்கு பல தடவை அதே கேள்வி வந்தா கை தானா ஓகே அமுக்கிடும், படிக்கவே மாட்டாங்க, அவங்கள குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல. கேக்காம உடனே அழிங்க, ஆனா "அழிச்சாச்சு, திரும்ப வேணுமா?"ன்னு ஒரு பட்டன் கொஞ்ச நேரம் நிக்கட்டும். டேட்டாபேஸ்ல நிஜமா அழிக்காம மறைச்சு மட்டும் வச்சா போதும், கொஞ்ச நாள் கழிச்சு கேட்டாலும் எடுத்துக் கொடுத்துடலாம். அப்புறம் அந்த டெலீட் பட்டனை சேவ் பக்கத்துலயே ஒட்டி வச்சிருந்தா முதல்ல அதை தள்ளி வைங்க.